படித்து முடித்தும் விடாத ஓர் இடம்

வைகைக்கரை:
சமீபத்தில் படித்த சிறுகதை, தொடர்கதை, மாத நாவல் எதுவானாலும் சரி. கதைச் சுருக்கம் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எந்த இடத்தில் மனசு மாட்டிக்கொண்டது என்று மட்டும் எழுதுங்கள்.

சுஜாதாவின் ‘நகரம்’. ஜுரத்தில் கிடக்கும் மகள் பாப்பாத்தியைக் கிராமத்திலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற வள்ளியம்மாள் என்றாலே போதும், உங்களுக்குத் தெரியும். என்னை விடாதது ‘ஏழரை மணி’. பெரிய டாக்டர் குழந்தையைப் பார்த்ததுமே மூளைக்காய்ச்சல் என்று சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார். இப்போதே வார்டில் சேர்க்கச் சொல்கிறார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. அந்த ‘இப்போதே’ அடுத்த டாக்டரிடம் போகிறது, அங்கிருந்து இன்னொருவரிடம், அங்கிருந்து ஒரு சீட்டாக மாறி அவள் கைக்கு வருகிறது. சீட்டு ஜன்னலுக்குப் போனதும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி. ஒவ்வொரு கை மாறும்போதும் அந்தச் சொல் கொஞ்சம் தேய்கிறது. கடைசி ஜன்னலில் அது ‘நாளைக் காலை ஏழரை மணி’ ஆகிவிடுகிறது. நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

கதை எப்படித் தொடங்குகிறது என்றும் கவனியுங்கள். மதுரைக்கு யார் யார் என்னென்ன பெயர் எழுதினார்கள் என்பதில் ஆரம்பித்துச் சுவர் விளம்பரங்களுக்கு வருகிறார். ஊர் முழுக்க எழுத்து. தன் கையில் இருக்கும் சீட்டு என்ன சொல்கிறது என்று தெரியாதவள் அதற்கு நடுவே நிற்கிறாள்.

மேலவீதி:
வைகைக்கரை சார், ஏழரை மணியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வெறும் ஆபீஸ் நேரம். அதைக் கேட்டு நமக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். வயிற்றைப் பிசைவது கடைசியில் வருகிற வேண்டுதல். வெறும் ஜுரம்தான், சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு இரண்டு கை நிறையக் காசு போடுவதாக வேண்டிக்கொள்கிறாள். அவள் இருப்பது மதுரைப் பக்கம், கோயில் சீர்காழி அருகே. பெரியாஸ்பத்திரியை விட அந்தத் தூரத்துச் சாமி அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதே நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள் பெரிய டாக்டர் அந்தப் பெண் எங்கே என்று தேடுகிறார். ஒரு பக்கம் தேடல், இன்னொரு பக்கம் வண்டி ஊரைப் பார்த்துப் போகிறது. மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவால் வந்தது என்றால் நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும், ஒரு ராத்திரி தாங்குவதே சந்தேகம். இது வாசகனுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. ஆசிரியர் பாப்பாத்தியைச் சாகடிக்கவில்லை. அந்த வேலையை நம் தலையில் கட்டிவிட்டுக் கதையை நிறுத்திவிடுகிறார். இன்னும் நாலு வரி எழுதிச் சாவைக் காட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்போம்.

பேரேடு:
புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. பிராட்வே, எஸ்பிளனேடு சந்திப்பில் பிள்ளை நின்றுகொண்டு போடுகிற கணக்கு. டிராமில் போனால் ஒன்றே காலணா, மிஞ்சுகிற காலணாவுக்கு வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏய்த்து ஸென்ட்ரல் தாண்டி டிக்கெட் வாங்கினால் அரை கப் காப்பி உண்டு, வெற்றிலை கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டுக் கடவுள் வந்து நிற்கிறார்.

இப்போது படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காசின் மதிப்பு புரியாததுதான் காரணம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. காலணா என்றால் 3 தம்பிடி. டிராம் செலவு 15 தம்பிடி. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகு இந்தக் கணக்கு பேச்சு வழக்கிலிருந்தே நழுவிவிட்டது. சென்னையில் டிராமும் 1953 ஆம் ஆண்டோடு நின்றுபோனது.

கணக்கைப் பிடித்துக்கொண்டால் கதையே வேறு மாதிரி தெரியும். பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுள் ஜீவிய சந்தா கட்டுகிறார், 25 ரூபாய். யாருடைய ஜீவியம் என்று கேள்வி வருகிற இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். 25 ரூபாய் என்றால் 400 அணா. முதல் பக்கத்து டிராம் செலவால் வகுத்துப் பாருங்கள், 320 தடவை போகலாம். காலணாவை எதில் செலவழிப்பது என்று தெருமுனையில் தவித்தவனுக்குத் தெய்வம் 320 தடவை டிராம் ஏறும் காசைத் தருகிறது. கடைசியில் பிள்ளை செய்வது என்ன? பேரேட்டை எடுத்து அந்த 25 ரூபாயை வரவு வைக்கிறார். சந்திப்பில் போட்ட மனக்கணக்கில் தொடங்கிய கதை பேரேட்டு வரவில் முடிகிறது. கடவுளையே வரவில் எழுதிவிட்டார், அந்த மனுஷனால் வேறு எதுவும் செய்ய முடியாது. நடுவில் கூத்து, தர்க்கம் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

கத்தரிவெயில்:
பேரேடு, கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையைக் கணக்குப்பிள்ளை மாதிரிப் படித்தால் சில கதைகள் கையில் சிக்காது. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாக் கம்பெனியின் கதை இலாகா, டிபன் இடைவேளை, வேலை இல்லாத மந்தம். நிறையப் பேர் அந்த முதல் பகுதியை இழுவை என்கிறார்கள். அது இல்லாவிட்டால், வேலை கேட்டு வந்த புலிவேஷக்காரர் டகர் பாயிட் காதர் முகமூடி மாட்டுகிற நிமிஷம் வேலை செய்யாது. மேஜை, நாற்காலி, தூங்கி வழியும் மனிதர்கள் என்று அறையை அவ்வளவு பொறுமையாக நிரப்பி வைத்ததனால்தான் அந்தப் பாய்ச்சல் நம் மேலேயே விழுகிறது.

எனக்கு நெருடுவது பாய்ச்சலுக்கு அடுத்த வினாடி. முகமூடி கழன்றதும் புலி போய்விட்டது. காலில் விழுந்து வேலை கேட்கிற மெலிந்த ஆள் மிச்சம். நடுவில் ஒரு பாலம் போடுகிற வாக்கியம்கூட இல்லை. மேடையில் நடித்தோ குரல் கொடுத்தோ இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உறுமலை நீட்டி நீட்டிச் செய்துவிட்டு அந்த இறக்கத்தைக் கோட்டைவிடுகிறார்கள். பாய்ச்சலுக்கு எவ்வளவு நேரமோ அதைவிட அதிக நேரம் அந்த மௌனத்துக்குக் கொடுக்க வேண்டும். பிறகு, வாய்ப்பு வந்து இவர்கள் போட்ட கடிதம் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. அதை ஆசிரியர் ஒரு தபால் விவகாரம் போல, குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

பைண்டு புத்தகம்:
எல்லாரும் இலக்கியமாகவே பேசுகிறீர்கள். ஜனரஞ்சகம் பக்கம் ஒன்று. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. நடப்பது பேயா, விஞ்ஞானமா என்பதில் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ் ஒரு கட்சி, வசந்த் ஒரு கட்சி. லேசர், ஹோலோகிராம் என்று விளக்கம் வந்தபிறகும் ஒரு சின்ன இடைவெளி மூடாமலே கிடக்கிறது. அந்த இடைவெளிதான் எனக்கு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடரைப் புத்தகமாகப் படிக்கிறவர்கள் ஒரே மூச்சில் படித்துவிட்டு ‘செயற்கையாக இருக்கு’ என்கிறார்கள். படிக்கிற முறையில்தான் தப்பு. தொடரின் அத்தியாயம் கடைசி வரியில் ஒரு கொக்கி போடும்: கதவு தட்டப்படும், விளக்கு அணையும், யாரோ அலறுவார்கள். அடுத்த அத்தியாயம் அதை முதல் பத்தியிலேயே கழற்றிவிடும், தட்டியது பால்காரராக இருக்கும். நடுவில் ஏழு நாள் இருந்தால் அது நியாயம். ஏழு வினாடி என்றால் ஏமாற்று. ஆகவே அத்தியாய முடிவில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். இன்றைக்குப் பத்தாம் அத்தியாயத்தின் பாதி, நாளை மிச்சப் பாதியும் பதினொன்றின் பாதியும். கொக்கியும் கழற்றலும் ஒரே உட்காருகையில் வந்துவிடும், உறுத்தாது. நாளுக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், 293 அத்தியாயம். இந்த வேகத்தில் ஐந்து மாதம் ஆகும், ஆகட்டுமே. கல்கி அங்கங்கே முன்கதையை நினைவுபடுத்துவது போன மாசம் படித்ததை மறந்த வாசகருக்காக. வேகமாகப் போனால் அதெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வதாகப் படும்.

மாத நாவலுக்கு வேறு வழி. ராஜேஷ்குமார் பாணியில் இரண்டு தடம் மாறி மாறி ஓடும், ஒரு தடம் கோவையில் என்றால் இன்னொன்று சம்பந்தமே இல்லாத ஊரில். பெரும்பாலும் கடைசிக் கால்வாசியில்தான் இரண்டும் முட்டும். ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு பத்தி பிரித்து, பெயர், ஊர், நேரம் மூன்றை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். முடிச்சு எங்கே விழும் என்று முன்னாடியே தெரிய ஆரம்பிக்கும். நேரக் குளறுபடி இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். ஒரு தடத்தில் ஒரே இரவு கழிந்திருக்கும், இன்னொன்றில் மூன்று நாள் ஓடியிருக்கும். பாக்கெட் நாவல்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான், கொலையாளி யார் என்பதில் இல்லை. சீட்டை அட்டைக்குள் செருகி வையுங்கள், அடுத்து அந்தப் புத்தகத்தை வாங்குகிறவருக்கும் உதவும்.

ஏரிக்கரை:
பைண்டு புத்தகம் அண்ணா, அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லையே. விளக்கு அணைகிற அத்தியாயத்தை எப்படிப் பாதியில் மூட முடியும்? பொன்னியின் செல்வன் என்றாலே எனக்கு அந்தக் கடம்பூர் மாளிகை அறைதான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன், நந்தினி, ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன். இருட்டு. பிறகு உடல். யார் கை என்று கல்கி கடைசிவரை ஒரே பதிலாகச் சொல்லவில்லை. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வதும் முடிவான பதிலாக நிற்கவில்லை. இதைக் குறை என்கிறவர்கள் உண்டு. சரித்திரம் விட்ட இடத்தில்தான் அவரும் விட்டார் என்பது என் கட்சி.

காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரம் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலங்கள் என்ன ஆயின என்று பேசுகிறது. பெயர் இருக்கிறது, நில விவரம் இருக்கிறது. எப்படிக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்பது இல்லை. ரவிதாசன் நாவலுக்குள் மந்திரவாதியாக வந்துவிட்டான், காரணத்துக்கு நந்தினி வந்துவிட்டாள்.

இனி நாவலின் முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வருவது வீரநாராயண ஏரிக்கரையில், இன்றைய வீராணம். காட்டுமன்னார்கோயில் அந்த ஏரியை ஒட்டிய ஊர்தான். கொலையாளிகளின் பெயரைச் செதுக்கிய கல் அந்த வட்டாரத்தில்தான் நிற்கிறது. எழுபத்து நாலு மதகில் புதுவெள்ளம் பாய்வதை ரசித்துக்கொண்டு குதிரையில் வருகிறவன், ஐந்தாம் பாகத்தில் அதே கொலைக்குப் பழி சுமக்கப் போகிறவன். இது தெரிந்தபின் அந்த முதல் அத்தியாயத்தை வெறும் வர்ணனையாகப் படிக்க முடியவில்லை.

குஞ்சாலாடு:
தி. ஜானகிராமனோட ‘பாயசம்’. அண்ணன் பையன் வீட்டுக் கல்யாணத்துக்கு வெச்ச அவ்வளவு பெரிய தவலைப் பாயசத்தையும் கிழவர் சாமநாது கவுத்துடறார். பொறாமைன்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அதுக்கப்புறம் சொல்ற பெருச்சாளிதான். பாயசத்துல பெருச்சாளி விழுந்துதுன்னு ஒரே பொய். கவனிங்க, அந்தப் பொய் கச்சிதமா பொருந்துது. கல்யாணச் சமையல்ல மூடாத தவலை, யாரும் சந்தேகப்பட முடியாது, மேல நன்றி வேற சொல்லணும். செத்துப்போன பெண்டாட்டி அவர் காதுல பேசிண்டே இருக்கறது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அந்தப் பொய்யை ஒருத்தியால மட்டும்தான் நம்ப முடியாது, அது அவளாலதான்.

வைகைக்கரை:
மேலவீதி, வேண்டுதல் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். தூரத்துச் சாமி என்றது சரி, அதை நான் கவனிக்கவில்லை. ஆனால் ஏழரையை விட்டுக்கொடுக்க மாட்டேன். நாளை ஏழரைக்கு வா என்று அந்தக் கடைசி ஜன்னல்காரன் சொல்லாமல் வெறுமனே இடமில்லை என்று விரட்டியிருந்தால், அவள் யார் காலிலாவது விழுந்து கெஞ்சிக்கொண்டு அங்கேயே கிடந்திருப்பாள். பெரிய டாக்டர் அனுப்பிய ஆள் கண்ணில் பட்டிருப்பாள். ஒரு நேரத்தைக் கொடுத்ததனால்தான் நாளை வரைக்கும் பொறுக்கலாம் போல என்று அவளுக்குத் தோன்றியது. ‘வெறும் ஜுரம்தான்’ என்கிற நினைப்பே அந்த ஏழரையிலிருந்து முளைத்ததுதான்.