2டி கேமுக்கு அனலாக் ஸ்டிக் எதற்கு?

பிக்சல்பித்தன்:
தனியாளாக ஒரு 2டி பிளாட்ஃபார்மர் (ஓடித் தாவி முன்னேறும் ஆட்டம்) செய்துகொண்டிருக்கிறேன். சோதனைப் பதிப்பை ஆடிய பலரும் கேட்டது, "ஸ்டிக் ஏன் வேலை செய்யவில்லை?" கன்ட்ரோலரில் எப்பக்கமும் சாயும், எவ்வளவு தள்ளினோம் என்பதையும் உணரும் அந்தக் குச்சியை வேண்டுமென்றேதான் சேர்க்காமல் விட்டேன். நாயகன் ஓடுவது ஒரே வேகத்தில். இடம், வலம், ஏற, குனிய, அவ்வளவுதான். 1982-இல் கேம் & வாட்ச் டாங்கி காங் என்ற கையடக்க ஆட்டக் கருவியில் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் கொண்டுவந்த சிலுவைப் பொத்தான் (டி-பேட்) இந்த மாதிரி ஆட்டத்துக்கென்றே பிறந்தது. அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது.

கட்டைவிரல்:
நண்பரே, எனக்கு இடது கட்டைவிரல் மூட்டில் வீக்கம். பத்து நிமிடம் டி-பேடை அழுத்தினால் விரல் மடங்காது. ஸ்டிக்கைத் தள்ள அந்தப் பலம் வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரில் விரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில் இருப்பதும் ஸ்டிக்தான், டி-பேட் கீழே தள்ளி இருக்கிறது. நாயகனுக்கு ஒரே வேகம் என்பதால் ஆடுபவருக்கும் ஒரே பொத்தான்தான் என்று ஆகிவிடாது.

பிக்சல்பித்தன்:
உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் நான் முயலாமல் சொல்லவில்லை. ஸ்டிக்கை அப்படியே டி-பேடாக மாற்றிவிட்டு, ஃபிரேம் ஃபிரேமாக (திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) குச்சியின் மதிப்புகளை எழுதிப் பார்த்தேன்; 1 என்றால் முழு வலது, 0 நடு, மைனஸ் என்றால் இடது. வலது ஓரம்வரை தள்ளிப் பிடித்து, சட்டென்று விட்டால் 1, 0.4, அடுத்து மைனஸ் 0.3, அப்புறம்தான் 0. ஸ்பிரிங் திரும்பும் வேகத்தில் குச்சி நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் வருகிறது. அந்த ஒரு ஃபிரேமில் நாயகன் இடப்பக்கம் திரும்பிவிடுகிறான். எதிரியைப் பார்த்துச் சுட வேண்டியவன் சுவரைச் சுடுகிறான். ஓடும்போது விரல் லேசாகக் கீழே சரிந்தால் குனிந்துவேறு விடுகிறான்.

கோடுவெட்டி:
இது குச்சியின் குற்றமில்லை, டெட் ஸோன் (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) சின்னதாக இருப்பதுதான் காரணம். விண்டோஸில் கன்ட்ரோலரைப் படிக்கும் எக்ஸ்இன்புட்டில் இடது ஸ்டிக்குக்குத் தந்திருக்கும் டெட் ஸோன் அளவு 32767-க்கு 7849, ஏறக்குறைய 24 சதவீதம். உங்கள் 0.3 அதைத் தாண்டிவிடும். 50 சதவீதம் தாண்டினால் 'அழுத்தியது', 35-க்குக் கீழே இறங்கினால் 'விட்டது' என்று இரண்டு எல்லை வையுங்கள், எதிர்ப்பக்கத் துள்ளல் கணக்கிலேயே வராது. குனிவதற்கு நேர் கீழே ஒரு குறுகிய கோணம் மட்டும் ஒதுக்குங்கள். எட்டுத் திசையையும் சமமாகப் பங்கு போட்டதால்தான் ஓடுபவன் குனிகிறான்.

பிக்சல்பித்தன்:
பாதித் தூரம் தள்ளினால்தான் நகருவான் என்றால், தாவி நடுவானில் திரும்பும்போது தாமதம் தெரியுமே? தொடாமலே ஸ்டிக் சாய்ந்ததாகக் காட்டும் டிரிஃப்ட் தொல்லை வேறு. ஸ்டிக்கின் சாய்வை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்த கன்ட்ரோலரில் ஆள் தானாக நடப்பான், பிழை என்று எனக்குத்தான் எழுதுவார்கள். வேண்டியவர்கள் ஸ்டீம் தளத்தின் பொத்தான் மாற்றும் வசதியான ஸ்டீம் இன்புட்டில் மாற்றிக்கொள்ளட்டும்.

கட்டைவிரல்:
மாற்றித்தான் ஆடினேன். அதற்கு உங்கள் கேமில் குனிவது எவ்வளவு ஆபத்து என்று தெரியாது. மூன்றாம் கட்டத்து ஏணியில் பதினோரு முறை விழுந்தேன். அந்தக் கோணத்தை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கோடுவெட்டி:
தாமதம் உண்மைதான், மறுக்கவில்லை. எல்லையை ஆடுபவரே கூட்டிக் குறைக்க அமைப்புகளில் ஒரு ஸ்லைடர் வையுங்கள். தேய்ந்த ஸ்டிக் வைத்திருப்பவருக்கும் அதுவே உதவும். 1998-இல் வந்த செகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலின் ஸ்டிக்கிலேயே காந்தத்தால் அளக்கும், உரசித் தேயாத ஹால் சென்சார் இருந்தது. இப்போது பல கன்ட்ரோலர்களில் மறுபடி வருகிறது.

பிக்சல்பித்தன்:
அந்த ஏணியை வடிவமைத்தபோது டி-பேடை மட்டுமே மனதில் வைத்திருந்தேன். சரி, 50/35 எல்லையும் ஸ்லைடரும் சேர்க்கிறேன். ஏணியில் இருக்கும்போது பக்கவாட்டு அசைவையும் கொஞ்சம் மந்தமாக்குகிறேன். நேரப் பந்தயப் பகுதிக்கு டி-பேடே சிறந்தது என்ற என் எண்ணத்தில் மாற்றமில்லை, அங்கே அப்படியே பரிந்துரைப்பேன். கட்டைவிரல், பதிப்பு தயாரானதும் முதலில் அந்த ஏணியில் ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள்.