"வெல்லம் பலம் உயரு"ன்னா என்ன? கொள்ளுப்பாட்டியோட சமையல் நோட்டு, யாராவது படிச்சு சொல்லுங்களேன்

சீர்காழி_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவோட பாட்டி எழுதி வச்ச நோட்டு ஒண்ணு பெரியம்மா வீட்டு பரண்ல கெடைச்சுது. அட்டையில "விய வருஷம் ஐப்பசி"ன்னு மட்டும் இருக்கு, உள்ள பாதி சமையல், மீதி பால் கணக்கு, யார் யாருக்கு கைமாத்து குடுத்தாங்கங்கற கணக்கு (அதுல பாதி பேர் திருப்பியே குடுக்கல போல, அடிக்கவே இல்ல). நான் இப்ப பெங்களூர்ல இருக்கேன், இந்த தீபாவளிக்கு அதுலேர்ந்து அதிரசமாவது செஞ்சு பாக்கணும்னு ஆசை. ஆனா எழுதியிருக்கறது இவ்ளோதான், அப்படியே டைப் பண்றேன்:

"அதிரஸம். மாவரிசி படி ௧. வெல்லம் பலம் உயரு. ஏலம் ரூபாய் எடை வ. சுக்கு ௸. பாகு பதம் பார்த்து. ௨ ௳ வைத்துச் சுடவும்."

முடிஞ்சுது. அரிசி எவ்ளோ நேரம் ஊறணும், எண்ணெயா நெய்யா, ஒண்ணும் கெடையாது. "பலம் உயரு"ன்னா வெல்லத்தோட பலத்தை உயர்த்தணுமா?? படிக்கு நெட்ல தேடினா ஒரு எடத்துல 1.34 லிட்டர்ங்கறாங்க, இன்னொரு எடத்துல 1.77ங்கறாங்க. பெரியம்மா போன வருஷம் இந்த நோட்ட நம்பாம ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வெல்லம்னு போட்டு செஞ்சாங்க, எண்ணெயில போட்டதும் எல்லாம் பிரிஞ்சு கரைஞ்சே போச்சு. கடைசில அத ஸ்பூன்ல எடுத்து சாப்ட்டோம், டேஸ்ட் என்னவோ நல்லாதான் இருந்துச்சு.

மண்டி_கணக்கு:

தங்கச்சி, உயரு இல்லம்மா, அது தமிழ் எண். ௨, ௰, ௫. ரெண்டு, பத்து, அஞ்சு, அதாவது இருவத்தஞ்சு. பழைய எழுத்துல ௨ பாக்க உ மாதிரியும், ௰ ய மாதிரியும், ௫ ரு மாதிரியும்தான் இருக்கும், எங்கப்பா நெல் மண்டில கணக்கு எழுதினவரு, அந்த நோட்டெல்லாம் நானும் முதல்ல இப்படித்தான் முழிச்சு முழிச்சு பாப்பேன். ஆக வெல்லம் 25 பலம். ஒரு பலம்ங்கறது 3 தோலா, கிட்டத்தட்ட 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. உங்க வெல்லம் 875 கிராம் வருது.

"வ" மாதிரி இருக்கறது கால். ரூபாய் எடைன்னா அந்தக் கால வெள்ளி ரூபாயோட எடை, அதுதான் ஒரு தோலா, 11.66 கிராம். அதுல கால்னா மூணு கிராமுக்கு கொஞ்சம் கம்மி ஏலக்காய். சுக்குக்குப் பக்கத்துல இருக்கறது மேற்படி குறி, ஏலக்காய்க்கு சொன்ன அதே அளவு. கடைசில இருக்கறது நாள் குறி, ரெண்டு நாள் வைக்கணும்.

விய வருஷம் 1946ல பொறந்தது, அறுபது வருஷம் கழிச்சு 2006லயும் வந்துது, ஆனா பலத்துலயும் ரூபாய் எடையிலயும் 2006ல யாரும் எழுத மாட்டாங்க, கிலோவே 1958 அக்டோபர்லேர்ந்துதான் கொஞ்சம் கொஞ்சமா நம்ம ஊருக்கு வந்துது. அதனால 1946 ஐப்பசி, தீபாவளி சமயம். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம், ஒரு படியோட நிறுத்தினதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

இப்ப படிக்கு வருவோம். ஊருக்கு ஊர், ஏன் தெருவுக்குத் தெரு படி வேற வேற, அதனால நெட்ல சண்டை போடறதுல பிரயோஜனம் இல்ல. 8 ஆழாக்கு ஒரு படிங்கறது எல்லா ஊருக்கும் ஒண்ணு, ஆனா ஆழாக்கே மாறும். நான் பின்னாடிலேர்ந்து கணக்கு போடறேன்: சின்னப் படி 1.34 லிட்டர்னா அரிசி சுமார் 1100 கிராம் புடிக்கும், அப்ப கிலோ அரிசிக்கு 800 கிராம் வெல்லம். பெரிய படி 1.77னா அரிசி 1450 கிராம் கிட்ட, கிலோவுக்கு 600 கிராம்தான் வெல்லம், அந்த மாவு தட்டும்போதே விண்டு போகும். எனக்கென்னவோ சின்னப் படின்னுதான் தோணுது. இதுக்கெல்லாம் மேல, பெரியம்மா வீட்டு பரண்லயே பழைய படி ஏதாவது கெடக்கான்னு பாருங்க, பித்தளை, இரும்பு, மரம் எதுவா இருந்தாலும் சரி. தண்ணி ஊத்தி அளந்தா முடிஞ்சுது (மரப்படின்னா தண்ணி வேணாம், அரிசியக் கொட்டி நிறுத்துப் பாருங்க). தலைதட்டி அளப்பாங்களா, கோபுரமா அளப்பாங்களான்னும் கேளுங்க, அதுலயே ஒரு கைப்பிடி ரெண்டு கைப்பிடி வித்தியாசம் வரும்.

மன்னார்குடி_மாமி:

கணக்கெல்லாம் ரொம்ப சரி சார், ஆனா கணக்க மட்டும் வச்சுண்டு அதிரசம் சுட முடியாது. அந்தக் காலத்து வெல்லத்துல மண்ணும் கசடும் எவ்ளோ இருக்கும் தெரியுமா, கரைச்சு வடிகட்டினா அடியில ஒரு கரண்டி நிக்கும். இப்ப கடையில வர்ற மஞ்ச மஞ்சேர்னு இருக்கற வெல்லத்துல அது இல்ல, அதனால அந்த 800ஐ அப்படியே எடுத்துக்காம 750ல ஆரம்பிம்மா. நல்லா கறுத்த பாகு வெல்லம்னு கேட்டு வாங்கு, கரும்பு வாசனை அதுலதான் இருக்கும்.

உங்க கொள்ளுப்பாட்டி ஏன் ஒண்ணுமே எழுதலைன்னா, அவாளுக்கு செய்யத் தெரியும், அளவு மட்டும்தான் மறக்கும். பதம்லாம் யாராவது எழுதி வைப்பாளா. நான் சொல்றேன் கேளு. பச்சரிசிய ரெண்டு மணி நேரம் ஊற வச்சு வடிச்சு, வேஷ்டில பரப்பி நிழல்ல உலர்த்து, வெயில்ல வேண்டவே வேண்டாம். கையில எடுத்தா ஜில்லுன்னு இருக்கணும், ஆனா விரல்ல ஒட்டப்படாது, அந்த நேரத்துல மிக்ஸில அரைச்சு சலிச்சுடு. மாவ புடிச்சா புடி நிக்கணும். கடையில விக்கற காஞ்ச அரிசி மாவு வாங்கினியோ, அதோட கதை முடிஞ்சுது.

பாகு கொதிச்சு நுரை பெரிசு பெரிசா வந்தப்பறம், கிண்ணத்துல தண்ணி வச்சுண்டு ஒரு சொட்டு விட்டுப் பாரு. கரைஞ்சா இன்னும் ஆகல. கரையாம அடியில நின்னு, விரலால திரட்டினா தொளதொளன்னு ஒரு உருண்டை வந்தா அதுதான் பதம், அந்த நிமிஷமே அடுப்ப அணை. உருட்டி தட்டுல போட்டு டங்குன்னு சத்தம் வந்தா அது கடலை உருண்டைப் பதம், அதுல அதிரசம் சுட்டா பல்லு போயிடும். உன் பெரியம்மாவுக்கு கரைஞ்சு போனதுக்கு வெல்லம் ஜாஸ்திங்கறது பாதிதான், பாகும் இளசா இருந்திருக்கும்னு எனக்கு சந்தேகம். மாவ கொஞ்சம் கொஞ்சமா தூவிக் கிளறு, மொத்தத்தையும் கொட்டாத, ஒரு பிடி மிச்சம் வை. கிளறி முடிக்கறச்சே இட்லி மாவ விட கெட்டியா, தளர்வா இருந்தா போறும், ஆற ஆற இறுகிடும். மேல ஒரு ஸ்பூன் நெய் தடவி, துணி கட்டி ரெண்டு நாள் வெளியிலயே வை, ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

சுடறச்சே முதல்ல ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு. பிரிஞ்சா அந்த மிச்சம் வச்ச மாவ சேர்த்துப் பிசை, விண்டு போனா ஒரு துளி பால் தெளி. அடுப்பு சிம்ல இருக்கணும், எடுத்ததும் ரெண்டு சட்டுவத்துக்கு நடுவுல வச்சு நன்னா அமுக்கி எண்ணெய எடுத்துடு. எங்காத்துல நெய்யிலதான், இப்ப விக்கற விலைக்கு நல்ல கடலெண்ணெயே போறும்.

அம்மம்மா_வீடு:

நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்காபரோவில இருக்கிறன். எங்கட பக்கம் இதை அரியதரம் எண்டுதான் சொல்லுவம். உங்களிட்ட நோட்டாவது இருக்கு, எங்கட வீட்டில எழுதினது எல்லாம் இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில போச்சு. மிஞ்சினது அம்மாவின்ர தலைக்குள்ள இருக்கிறது மட்டும்தான், அதுவும் சுண்டுக் கணக்கில. சுண்டு எண்டா ரின்பால் பேணி, நாலு சுண்டு ஒரு கொத்து.

அம்மாவிட்ட அளவு கேட்டால் "கண் அளவுதான் பிள்ளை" எண்டுவா. அதால நான் கேக்கிறதை விட்டுட்டன். அவ சமைக்கிற நேரம் மாப் பாத்திரத்தை, சீனிப் போத்தலை எல்லாம் முதலே டிஜிட்டல் தராசில நிறுத்துக் குறிச்சு வைப்பன், அவ தன்ர பாட்டில கையால அள்ளிப் போட்டு முடிய திரும்ப நிறுப்பன், குறைஞ்சதுதான் போட்ட அளவு. "கடைக்காரி மாதிரி ஏன் நிறுக்கிறாய்" எண்டு ஒரே பேச்சு, ஆனா இப்ப மிளகாய்த்தூள், அரியதரம், பயித்தம் பணியாரம் மூண்டுக்கும் கிராம் கணக்கு இருக்கு. உங்கட பெரியம்மா, அம்மா ஆரும் அந்தப் பாட்டியின்ர கையால சாப்பிட்டிருந்தால் அவையை வச்சுச் சுடுங்கோ. எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு கறுப்பு எண்டு அவைதான் சொல்லுவினம்.

செல்லரிச்ச_பக்கம்:

சமையலுக்கு நான் வரல, நோட்டப் பத்தி மட்டும். தயவுசெஞ்சு லேமினேட் பண்ணிடாதீங்க, செலோ டேப்பும் ஒட்டாதீங்க. லேமினேட் பண்ணா திரும்ப உரிக்கவே முடியாது, டேப்போட பசை சில வருஷத்துல மஞ்சளாகி எழுத்தையே எடுத்துடும். வேற எதுவும் பண்றதுக்கு முன்னாடி ஜன்னல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் இல்லாம, பக்கம் பக்கமா போட்டோ எடுங்க. எண்ணெய் பட்ட பக்கத்துல பின்பக்க எழுத்து தெரிஞ்சா கீழ ஒரு கறுப்பு பேப்பர் வச்சு எடுங்க, முன்பக்கம் தெளிவா வரும். பென்சில் எழுத்து மங்கிப் போயிருந்தா டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் புடிச்சா தடம் தெரியும். நோட்ட பிளாஸ்டிக் கவர்ல போடாம பருத்தித் துணில சுத்தி வைங்க, ஈரம் சேராது.

இன்னொண்ணு, டைப் பண்ணும்போது நீங்க இங்க பண்ண மாதிரியே உள்ளது உள்ளபடி ஒரு பிரதி, கிராமுக்கு மாத்தினது தனியா ஒரு பிரதின்னு வச்சுக்கோங்க. கலந்துட்டா நாளைக்கு எது பாட்டி எழுதினது, எது மாமி சொன்னதுன்னு தெரியாம போயிடும். கைமாத்து கணக்கையும் விட்டுடாதீங்க, அதுவும் சேர்ந்ததுதான் அந்த நோட்டு.

சீர்காழி_பொண்ணு:

ஐயோ எல்லாருக்கும் எவ்ளோ தேங்க்ஸ். உயருவ நெனச்சு நெனச்சு அம்மாவும் நானும் சிரிச்சுட்டு இருக்கோம். பெரியம்மாவுக்கு போன் பண்ணேன், பித்தளைப் படி ஒண்ணு இருக்காம், பேனா ஸ்டாண்டா யூஸ் பண்றாங்களாம்! தண்ணி ஊத்தி அளக்கச் சொன்னேன், 1300 மில்லி சொச்சம் வந்துது, அடி கொஞ்சம் நசுங்கியிருக்காம். அப்ப மண்டி அண்ணா சொன்ன சின்னப் படிதான். மாமி, 750லயே ஆரம்பிக்கறேன், ஆனா பெரியம்மா "பாகு நான்தான் பாப்பேன்"னு இப்பவே சண்டை.

லேமினேஷன் கடைக்கு குடுக்கலாம்னு அப்பா எடுத்து வச்சிருந்தார், புடுங்கி வச்சுட்டேன்.

அடுத்த பக்கம் ஊறுகாய். "நார்த்தங்காய் ௱, உப்பு படி ௨ வ"ன்னு இருக்கு. ௱ நூறுன்னு தேடிப் புடிச்சுட்டேன், உப்பு ரெண்டேகால் படியா? நூறு காய்க்கு மூணு கிலோ உப்பா??

மண்டி_கணக்கு:

ரெண்டேகால்தான், சரியாப் படிச்சிருக்கீங்க. வருஷக்கணக்கா வைக்கற உப்பு நார்த்தங்காய்மா அது, நூறு காய்னா ஒரு பெரிய ஜாடி. அதுவும் கல்லுப்பு, பொடி உப்ப விட படிக்கு எடை கம்மியாதான் புடிக்கும், கிலோவுல போடறதுக்கு முன்னாடி அந்தப் படியிலயே அளந்து நிறுத்துப் பாருங்க. பேனாவெல்லாம் வேற எடத்துக்கு மாத்தச் சொல்லுங்க பெரியம்மாவ.