24 நாள் குஞ்சுகளுக்கு முதுகில் மட்டும் இறகு வரவில்லை

முக்கூடல் பஞ்சாரம்:
எங்கள் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டையை 13 முட்டையில் அடைவைத்தோம். 11 பொரித்தன. பத்தாம் நாள் தாயைக் கீரி கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து 60 வாட் குண்டு பல்புதான் தாய். சிறகும் வாலும் முளைத்துவிட்டன, முதுகில் தோல் தெரிகிறது. நான்கு குஞ்சுகள் மிக மோசம். தீனி குருணை மட்டும். அம்மா பீடி சுற்றிக்கொண்டே தூவுவார். பக்கத்து வீட்டு ஆச்சி சொறி என்கிறார். ஐப்பசி மழை வேறு. என்ன செய்யலாம்?

வள்ளியூர் அண்ணாச்சி:
அந்த நான்கும் சேவல்தான். சிறகிறகு ஏறுமாறாக இருந்தால் பெட்டை, ஒரே மட்டமாக இருந்தால் சேவல். பொரிப்பகத்தில் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

களக்காட்டு அக்கா:
அண்ணாச்சி, அது பொரித்த ஓரிரு நாளுக்குள் பார்க்க வேண்டிய கணக்கு. அதுவும் மெதுவாக முளைக்கும் தாயையும் சீக்கிரம் முளைக்கும் தகப்பனையும் அதற்கென்றே சேர்த்த இனத்தில்தான் பலிக்கும். தெருவில் கலந்த நாட்டுக்கோழியில் செல்லாது. என் மாமனார் இப்படித்தான் ஆறு சேவல் என்று பொங்கலுக்கு எண்ணி வைத்தார். அதில் நான்கு முட்டையிட்டன. இன்றைக்கும் அவர் முன்னால் அதைப் பேச முடியாது.

தம்பி, இறகு முதலில் சிறகில் வரும், பிறகு வால், தோள், நெஞ்சு. முதுகு அதற்கும் பின்னால்தான். மெதுவாக முளைப்பது சில கோழிகளுக்கு வம்சத்திலேயே உண்டு. ஒரு குஞ்சைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தோல் சுத்தமாக இருந்து சிறு இறகுக் குச்சிகள் எட்டிப் பார்த்தால் நோயில்லை. குச்சி ஒடிந்து ரத்தம் தெரிந்தால் மற்றவை கொத்துகின்றன. அந்தக் குஞ்சை உடனே பிரித்து வையுங்கள். முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும், சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. வாலடியில் பேன் ஊர்கிறதா என்றும் பாருங்கள்.

எனக்குச் சந்தேகம் குருணைமேல்தான். இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் வைப்பார்கள், அரிசியில் அதில் பாதிகூடக் கிடையாது. மழை வெறித்த மாலையில் பழைய மண்பானைக்குள் ஈரச் சாணம், கிழிந்த சாக்கு, பட்டுப்போன பனைமட்டைத் துண்டு எல்லாம் அடைத்து, கரையான் புற்றருகே கவிழ்த்து வையுங்கள். விடியற்காலை அதில் ஏறியிருக்கும் கரையானைக் குஞ்சுகளின் முன் தட்டினால் சண்டை போட்டுத் தின்னும். கருவாட்டுத் தூள் போட்டால் உப்பில்லாததாகப் பாருங்கள். கடலைப் பிண்ணாக்கு இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், நான் தொடமாட்டேன்.

சூடு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையும். இறகு மூடாத குஞ்சுக்கு அந்தக் கணக்கைவிட அது படுக்கும் விதம்தான் சரியான அளவு. பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். விலகி வாய் திறந்து நின்றால் சூடு.

முக்கூடல் பஞ்சாரம் (ஒன்பது நாள் கழித்து):
அக்கா, முதல் பானையில் கரையான் ஏறவில்லை, சாணம் காய்ந்திருந்தது. இரண்டாவது நிறைந்தது. குஞ்சுத் தீவனமும் வாங்கிவிட்டேன். நான்கில் மூன்றுக்கு முதுகில் கறுப்புக் குச்சிகள் வந்துவிட்டன. நான்காவதன் வாலடியில் கொத்து வாங்கிய காயம், தனிப் பஞ்சாரத்தில் இருக்கிறது. அம்மா குருணையை நிறுத்தவில்லை. நான் வெளியே போனதும் தூவுகிறார்.