மருந்து ஆய்வுல சேரச் சொல்றாங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கமுங்க. கோபி பக்கம் எங்க ஊரு. அம்மாயிக்கு மூட்டுவாதம். கோயமுத்தூர்ல பார்க்கற ஆசுபத்திரியில புது மருந்து ஆய்வுல சேரச் சொல்லி ஒரு கத்தைத் தாள் குடுத்திருக்காங்க. அத்தனையும் இங்கிலீசு, அம்மாயி கைநாட்டு. 2019-ல வந்த மருந்து ஆய்வு விதிப்படி அவங்களுக்குப் புரியற மொழியில சொல்லோணும், படிக்கத் தெரியாதவங்களுக்கு ஆய்வோட சம்பந்தமில்லாத சாட்சி ஒருத்தர் இருக்கோணும், எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். இதுவரைக்கும் தெரியுமுங்க.

"எலிக்குக் குடுத்துப் பார்த்தாச்சு, பயமில்ல"ங்கறாங்க. எலிக்கு ஒத்துக்கிட்டா அம்மாயிக்கும் ஒத்துக்குமாக்கும்? அவங்க என்னமோ "டாக்டரு சொன்னாச் சரி கண்ணு"ங்கறாங்க.

ஆய்வு சிடிஆர்ஐ-ல (CTRI, நம்ம நாட்டுல நடக்கற மருந்து ஆய்வுகளோட பதிவேடு) பதிவாயிருக்கான்னு எப்படித் தேடறதுங்க? ஆய்வுல சேர்றவங்க பாதுகாப்பைக் கவனிக்கற நெறிமுறைக் குழுகிட்ட நாமளே நேராப் பேசலாமுங்களா? திங்கக்கிழமை பதில் சொல்லோணும்.