கிராம சபைத் தீர்மானம் போட்டு டாஸ்மாக் கடையைத் தடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சியில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு புதுக் கட்டடத்துக்கு டாஸ்மாக் கடை வரப்போகிறது என்று பேச்சு, உள்ளே அலமாரி வேலைகூட நடக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போடலாம் என்று பெண்கள் எல்லோரும் உறுதியாக நிற்கிறோம், ஆனால் தீர்மானத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதுதான் பயமாக இருக்கிறது, ஏனென்றால் கடைக்கு அனுமதி மாவட்ட ஆட்சியர் கையில், ஊராட்சி கையில் இல்லை.

தமிழ்நாட்டின் 2003 மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் பள்ளி, கோயிலிலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்று இருக்கிறது. இந்தத் தூரத்தை வாசலிலிருந்து வாசலுக்கு நடக்கும் வழியாக அளப்பார்களா, நேர்கோட்டிலா? யார் வந்து அளப்பார்கள்? நாங்கள் கூட இருக்கலாமா?

மகாராஷ்டிராவில் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் எதிர்த்து ஓட்டுப் போட்டால் மதுக்கடையை மூட வழி இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று கண்டிப்பாக வேண்டும், குடியால் அடி வாங்குவது எங்கள் வீடுகள்தானே. சரி, அது வரும்வரை காத்திருக்க முடியாது.

தீர்மானத்தின் வாசகம், ஆட்சியருக்குக் கொடுத்த மனுவின் நகல், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விகள் எது இருந்தாலும் அனுப்புங்கள். அப்புறம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டவர்கள் இருந்தால், கடை திறக்கும் முன்பே போட்டீர்களா, திறந்த பிறகா என்பதையும் சொல்லுங்கள்.