ஈயச் சொம்பில் காரீயம் கலந்திருந்தால்?

கேள்வி: ரசம் வைக்கிற ஈயச் சொம்பில் காரீயக் கலப்பு இருக்கா என்று எப்படிப் பார்ப்பது? குழந்தைக்கு என்ன ஆகும்?

பதில் 1: சொம்புக்கு வேண்டியது வெள்ளீயம் (டின்), காரீயம் (லெட்) இல்லை. வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்க. பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் சந்தேகம்தான். விழாவிட்டாலும் நம்பிவிட முடியாது. எக்ஸ்ரே பாய்ச்சி எந்த உலோகம் என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் சோதனைதான் உறுதி, சொம்பும் சேதமாகாது.

பதில் 2: புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கும், கொதிக்கவிட்டாலும் போகாது. பெரியவர்கள் குடல் சுமார் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும், குழந்தைக்குப் பாதி வரைகூட. கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைப் பல வருஷம் சேர்த்துவைக்கும். ரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல் பரவாயில்லை, சரிசெய்யலாம். மூளைப் பாதிப்பு திரும்பாது.

பதில் 3: அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீங்க, ரத்தத்தில் காரீய அளவு பாருங்க. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே சொம்பை ஒதுக்கணும். 45 என்றால் காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து தேவைப்படும். இரும்புச்சத்தையும் பார்த்துடுங்க, அது குறைந்தால் உடம்பு காரீயத்தை உறிஞ்சுவது கூடும்.