இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இங்கிலாந்து நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாமா?

சேர்மாதேவிக்காரர் (கேள்வி, ஏப்ரல் 2024)

எல்லாருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஏப்ரல் 19 அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மக்களவைத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, அடுத்த சில நாளிலேயே மகள் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டேன். லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிற கிராலி என்ற ஊர். விரலில் வைத்த மை இன்னும் அப்படியே இருக்கிறது. பேரன் தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்க்கிறான்.

வந்த அன்றே வாசல் கதவின் தபால் துளை வழியாக விழுந்து கிடந்த காகிதங்களைப் பொறுக்கினேன். மே 2, வியாழக்கிழமை, இங்கே நகரசபைத் தேர்தலாம். காகிதங்களுக்கு நடுவே மகள் பெயருக்கு வாக்காளர் அட்டை ஒன்று. அவள் வேலை விசாவில் இருக்கிறாள், இந்தியக் குடியுரிமைதான். "தப்பாக வந்திருக்கும் அப்பா, கிழித்துப் போடுங்கள்" என்கிறாள். மருமகன் "நமக்கு எதற்கு வம்பு" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றுகிறார்.

1996 முதல் 2011 வரை நான்கு உள்ளாட்சித் தேர்தல்களில் வேலை பார்த்தவன் நான். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று சீட்டுகளைப் பிரித்து அடுக்கிய கை இது. பட்டியலில் பெயர் வந்த பிறகு கிழித்துப் போடு என்பது எனக்கு ஒப்பவில்லை. அதே சமயம் பிள்ளையின் விசாவுக்கு ஒரு கேடு வந்துவிடக் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளைச் செவிலி (பதில்)

ஐயா, அட்டை தப்பாக வரவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால், நகரசபைத் தேர்தல் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். இந்தியா காமன்வெல்த்தில் இருப்பதால் அக்காவுக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் வந்த முதல் வருடமே போட்டேன், விசா புதுப்பிக்கும்போது யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியக் குடியுரிமைக்கும் பாதகம் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால்தான் நம்முடையது போகும்.

2023 மே மாதத் தேர்தலிலிருந்து இங்கிலாந்தில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் போதும். அட்டையை மறந்தாலும் பரவாயில்லை, பாஸ்போர்ட்டை மறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை நேரம் இருக்கிறது, வேலை முடிந்துகூடப் போகலாம். உங்கள் ஆச்சரியத்துக்கு ஒன்று சொல்கிறேன்: இயந்திரம் கிடையாது, முத்திரையும் கிடையாது. காகிதச் சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். சொந்தப் பேனா கொண்டு போனாலும் தடுக்க மாட்டார்கள்.

வாசலில் கட்சிக்காரர்கள் சட்டையில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு நின்று வாக்காளர் எண் கேட்பார்கள். யார் யார் வந்துவிட்டார்கள் என்று அவர்கள் கணக்கு வைப்பதற்காக. சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

வள்ளியூர் வாத்தியார் (பதில்)

எல்லாம் சரி. நாலு வருடத்தில் கிளம்பப்போகிறவர்கள் அந்த ஊர் சாக்கடைக்கு ஏன் கவுன்சிலர் தேர்ந்தெடுக்க வேண்டும்? முதலில் நம் ஊரைப் பார்க்கட்டும். 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை ஐந்து வருடம் நம் கிராமங்களில் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் ஆட்சிதானே நடந்தது? அப்போது யாராவது கேள்வி கேட்டார்களா?

பாளைச் செவிலி (பதில்)

சார், அந்தச் சாக்கடைக்கு நாங்களும்தான் கவுன்சில் வரி கட்டுகிறோம். மாதாமாதம் வங்கியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் இங்கே கடன் வாங்கும்போதும் வசதி, விலாசத்தை அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

மானூர்க்காரன் (பதில்)

வாத்தியார் அண்ணாச்சிக்கு ஒன்று. இங்கிலாந்துக் கவுன்சிலில் நம்மவர்கள் இருப்பது புதிதல்ல. கிருஷ்ண மேனன் 1934 முதல் 1947 வரை லண்டன் செயின்ட் பாங்கிராஸில் கவுன்சிலராக இருந்தார்.

சபை என்று பேச்சு வந்ததால் எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் உத்திரமேரூர் குடவோலையைத்தான் பேசுவார்கள். அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே, சுமார் கி.பி. 800-இல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், மானூர்க் கோயில் கல்வெட்டில் சபை உறுப்பினருக்கு என்ன தகுதி வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த விதி: எது பேசினாலும் "அன்று, அன்று" என்று மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு அபராதம். (வாத்தியாரைச் சொல்லவில்லை.) ஆனால் அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர்களுக்கு மட்டும்தான் இடம். நானோ என் பாட்டனோ அதில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஓட்டு ஒன்றினால் என்ன ஆகும் என்பவர்களுக்கு: 2017-இல் நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் (நம் மாவட்ட ஊராட்சி மாதிரி) தேர்தலில், தெற்கு பிளைத் வார்டில் இரண்டு பேர் சரிசமமாக வந்தார்கள். திரும்பத் திரும்ப எண்ணியும் அதே கணக்கு. கடைசியில் துரும்பு எடுக்க வைத்தார்கள். நீளத் துரும்பு லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் கையில் வந்தது. அந்த ஓர் இடம் இல்லாததால் கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

சேர்மாதேவிக்காரர் (மே 2024)

அனைவருக்கும் நன்றி. செவிலி மகளின் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். போய்விட்டு வந்தாள்.

நானும் கூடப் போனேன், ஆனால் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலோடு நின்றுகொண்டேன். சின்ன மண்டபம். நூறு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு இல்லை, போலீஸ் இல்லை, பந்தல் இல்லை. யாரோ நாயைக் கம்பியில் கட்டிவிட்டு ஓட்டுப் போடப் போயிருந்தார்கள், அது என் வேட்டியை முகர்ந்துகொண்டிருந்தது. ரிப்பன் பூ குத்திய அம்மாள் என்னிடமும் எண் கேட்டார். நான் மை விரலைக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்.

பென்சில் விஷயம் மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த என் நீலப் பேனாவைக் கொடுத்தனுப்பினேன். உள்ளே பென்சிலை நூலால் மேசையில் கட்டி வைத்திருந்தார்களாம். நகரசபைக்கு ஒரு சீட்டு, இந்த வட்டாரமான சசெக்ஸின் காவல் ஆணையர் பதவிக்கு இன்னொன்று, இங்கே அதற்கும் தேர்தல்தானாம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர்தானே இருக்கிறது, அங்கிருந்த அலுவலர் அடிக்கோலை வைத்துப் பட்டியலில் தேடி, என் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டாராம். சீட்டைப் பெட்டியில் போட்டதும் இவள் பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டிவிட்டாள். "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வாத்தியார் சாருக்கு: இந்த ஊரில் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குத்தான் தேர்தல். மொத்தம் 36 பேரையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. நம் ஊரிலும் இப்படி வைத்திருந்தால் ஐந்து வருடம் ஒரேயடியாகத் தள்ளிப்போட முடிந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தள்ளிப்போட நினைப்பவர்கள் அதற்கும் வழி கண்டுபிடிப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

மகள் ஓட்டுப் போட்டவர் தோற்றுவிட்டார். கிழித்துப் போடச் சொன்னவள் முடிவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இன்று காலை குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டே, "குப்பை நகரசபை, ரோட்டுக் குழி கவுண்டி கவுன்சில், அப்பா" என்று எனக்கே பாடம் நடத்தினாள். மருமகன் அடுத்த தேர்தலுக்குத் தன் பெயரைப் பதிய என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். செவிலி மகளே, அதையும் கொஞ்சம் சொல்லிவிடு.